மோளிக்குட்டியை நிறுத்துவது எப்படி

இந்தத் தடவை மோளிக்குட்டியைக் குவைத்துக்குத் திரும்பிப் போகவிடுவதில்லை என்று ஒரு தீர்மானம் போட்டேன். ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம். கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

எனக்கு இரண்டு மோளிக்குட்டி. ஒருத்தி என் பெண்டாட்டி. குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்னொன்று என் வள்ளம். சின்ன டீசல் எஞ்சின் வைத்த சரக்கு வள்ளம். சிமெண்ட், செங்கல், காஸ் சிலிண்டர், கல்யாண வீட்டுப் பீரோ, எதையும் ஏற்றிக்கொண்டு ஆலப்புழைக் காயலைத் தாண்டி, ரோடு போகாத வீடுகளில் இறக்குவேன். வள்ளத்துக்குப் பெண்டாட்டி பேரை வைத்தது பாசத்தினால் என்று ஊரில் பேச்சு. பாசமும் உண்டு. ஆனால் ஒரு மோளிக்குட்டியாவது நான் திருப்பின பக்கம் திரும்பட்டுமே என்ற ஆசையும் உண்டு.

கல்யாணமான மறு வருஷமே போனவள். "வீடு கட்டுற வரைக்கும்" என்று போனாள். வீடு கட்டினோம். "மகள் படிச்சு முடிக்கிற வரைக்கும்" என்றாள். முடித்தாள். "அவளைக் கட்டிக்குடுக்கிற வரைக்கும்" என்றாள். கட்டிக்கொடுத்தோம், மகள் இப்போது புனேயில் இருக்கிறாள். இனி எங்கள் வீட்டில் ஒரு 'வரைக்கும்' கூட மிச்சமில்லை. ஆனாலும் போகிறாள். வருஷத்துக்கு ஒரு மாசம் வருவாள். மற்ற மாசமெல்லாம் நான் போனோடு குடும்பம் நடத்துகிறேன்.

போனோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். "ஆச்சு" என்பேன். "என்ன?" என்பாள். "மீன்" என்பேன். "என்ன மீன்?" என்பாள். அதற்குள் அவளை யாரோ கூப்பிடுவார்கள். போன் நின்றுவிடும். கையில் அந்த மீனின் பேரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சொல்ல ஆளில்லை. இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்குள் நுழைய மனசு வராமல், வெறும் வள்ளத்தைச் சுற்று வழியில் ஓட்டிக்கொண்டு வருவேன். டீசல்தான் பாழ்.

சரி, அந்த ஒரு மாசமாவது நிற்கிறாளா? அதுதான் இல்லை. லீவில் வருகிறாள் என்று பேர். விடிவதற்கு முன் எழுந்துவிடுவாள். நான் புரண்டு படுப்பதற்குள் படுக்கை விரிப்பின் நாலு மூலையையும் ஆஸ்பத்திரி மடிப்பாக மடித்து என்னை உள்ளே வைத்துச் செருகிவிடுவாள். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை எடுத்துக்கொண்டு கரை பூராவும் ஒரு சுற்று. அண்டை வீட்டுத் திரேசியாச் சேடத்தியில் தொடங்கி, கரைக்கோடியில் இருக்கிற பைலி சார் வரைக்கும் ஒரு கையையும் விடமாட்டாள். மத்தியானம் சொந்தக்காரர்கள். சாயங்காலம் மாதா கோவில் பெண்கள் சங்கம். நடுவில் என்னைக் கடந்து போவாள்.

ஒரு நாள் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தானாகவே. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காயல், காற்று, பக்கத்தில் மோளி. இதுக்குத்தானே காத்திருந்தோம் என்று கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாடி எண்ணுகிறாள்.

"கொஞ்சம் வேகமா இருக்கே அச்சாயா?" என்றாள். என்னை எப்போதும் அச்சாயா என்றுதான் கூப்பிடுவாள்.

"உன்னாலதான்டி."

"உப்பைக் குறைங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

முந்தைய வருஷங்களிலும் அவளைத் தடுக்க முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு வருஷம் பாஸ்போர்ட்டை அரிசி டின்னில் ஒளித்து வைத்தேன். அன்றைக்கென்று அவள் அரிசி கழுவினாள். ஒரு வருஷம் கிளம்புகிற நாளில் எனக்கு நெஞ்சு வலித்தது. நர்ஸுக்கு முன்னால் நெஞ்சு வலி நடிப்பது, போலீஸ்காரர் சட்டைப்பையில் கைவிடுவது மாதிரி. "வலது பக்கம் இதயம் கிடையாது அச்சாயா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பூட்டினாள். போன வருஷம் காரின் சாவியைத் தொலைத்தேன். டிரைவர் வேறு கார் கொண்டுவந்தான்.

ஆகவே இந்தத் தடவை படித்தவர் ஒருவரிடம் யோசனை கேட்பது என்று முடிவு செய்து பைலி சாரிடம் போனேன். பைலி சார் பௌதிக வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வாத்து வளர்க்கிறார். வாத்துகள் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை என்பதில் அவருக்குத் திருப்தி.

"சார், அவளுக்கு இனி அங்க ஒரு வேலையும் இல்ல. போக வேண்டிய காரணமே இல்ல. ஆனா போயிட்டே இருக்கா. இது என்ன வியாதி?"

"வியாதி இல்ல வக்கச்சா. ஆக்கம்."

"என்னது?"

"நீ லோடோட வர்ற. துறைக்கு ரொம்ப தூரத்துலயே எஞ்சினை நிப்பாட்டுற. வள்ளம் உடனே நின்னுடுதா?"

"எப்படி நிக்கும்? அது பாட்டுக்கு வந்துட்டே இருக்கும்."

"எஞ்சின் ஓடல. யாரும் தள்ளல. அப்புறம் எது கொண்டுவருது? அதுக்குப் பேருதான் ஆக்கம்."

வெள்ளைக்காரன் இதை மொமெண்டம் என்றானாம். உங்கள் பாடப்புத்தகத்தில் உந்தம் என்று போட்டிருக்கும். எங்கள் ஊரில் ஆக்கம். பேர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான். ஓடுகிறது ஓடிக்கொண்டே இருக்கும்.

"அதை எப்படி சார் கணக்குப் பண்றது?"

"கனத்தையும் வேகத்தையும் பெருக்கணும்."

"பெருக்குறது எனக்குப் புதுசா? அவ இல்லாத மாசமெல்லாம் வீட்டைப் பெருக்குறது நான்தானே?"

சார் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் வகுப்பெடுத்தவர். இதைவிட மோசமானதெல்லாம் கேட்டிருப்பார். "காலியா வர்ற வள்ளத்தைக் கையால பிடிச்சே நிப்பாட்டிடலாம். கனத்தோட வர்றதை நிப்பாட்ட முடியாது. நிப்பாட்டணும்னா ஒண்ணு கனத்தைக் குறை. இல்லேன்னா வேகத்தைக் குறை" என்றார்.

எனக்கு ஒரு கண் திறந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். பார்த்தால் அது எங்கும் இருக்கிறது! டீக்கடை டிவியில், ஏதோ கட்சியின் பிரசாரத்துக்கு ஆக்கம் கூடியிருக்கிறது என்றார்கள். கிரிக்கெட்டில் ஒரு விக்கெட் விழுந்ததும் ஆக்கம் இந்தப் பக்கம் வந்துவிட்டது என்றார்கள். கோவிலில் பாதிரியார் அச்சன் பிரசங்கத்தில், மணிக்கூண்டு வேலைக்கு ஆக்கம் போதவில்லை என்று சொல்லி எல்லார் முகத்தையும் பார்த்தார். உலகமே இதில்தான் நடக்கிறது. இத்தனை நாள் எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் வாய்க்கு வாய் அதையே சொல்ல ஆரம்பித்தேன். மீன்காரனிடம்கூட.

"அச்சாயா, காலையில இருந்து ஆக்கம் ஆக்கம்னு சொல்லிட்டே திரியறீங்க. சோறு யாரு ஆக்குறது?" என்றாள் மோளி.

சோறும் நானே ஆக்கினேன். பெரிய காரியத்தில் இறங்கியவன் சின்ன விஷயங்களில் விட்டுக்கொடுக்க வேண்டும்.

முதலில் கனத்தைக் குறைத்தேன். குவைத்துக்குப் போகிற பெட்டி கட்டிலின் மேல் பாதி நிரம்பிக் கிடந்தது. மாங்காய் ஊறுகாய், மீன் ஊறுகாய், வறுத்த பீஃப், நேந்திரங்காய் வறுவல். எல்லாம் அவளுடைய வார்டுப் பெண்களுக்கு. அவள் இல்லாத நேரம் பார்த்து ஊறுகாய் பாட்டில்களை எடுத்துப் பரணில் வைத்தேன். பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்தது. இவ்வளவு லேசான பெட்டியை எடுத்துக்கொண்டு எவளாவது விமானம் ஏறுவாளா?

சாயங்காலம் பெட்டியைத் தூக்கிப் பார்த்த மோளி, "நல்லதாப் போச்சு! எடை கூடிடுமோன்னு பயந்துட்டே இருந்தேன்" என்று சொல்லி, அந்த இடத்தில் என்னுடைய இரண்டு லுங்கிகளையும் ஒரு பழைய சட்டையையும் மடித்து வைத்தாள்.

"என் லுங்கி எதுக்குடி?"

"சும்மாதான்."

"அங்க யாரு கட்டுறது?"

"கட்டுறதுக்கு இல்ல." திரும்பி நின்றுகொண்டு பெட்டியின் பட்டையை இழுத்து இறுக்கினாள். "தலகாணிக்கு உறை பத்தல."

அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. கனம் குறைந்ததா கூடினதா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. மறுபடியும் பைலி சாரிடம் ஓடினேன். சார் வாத்துகளுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். நான் பேசப் பேச என்னைப் பார்க்காமல் வாத்துகளையே பார்த்தார். காதைச் சொறிந்தார். ஏதோ ஆழ்ந்த சிந்தனை என்று எனக்கு மரியாதையாக இருந்தது.

"கனத்தை விடு வக்கச்சா. வேகத்தைப் பிடி. அவளைத் துறைக்கு உன் வள்ளத்துலதானே கூட்டிட்டுப் போவ?"

"ஆமா."

"நடுக் காயல்ல எஞ்சின் நின்னுட்டா?"

நான் அந்த இடத்திலேயே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கையில் தவிடு. பரவாயில்லை. ஓர் அறிவாளியின் தவிடு.

எஞ்சினை நிறுத்த ஒரு வழி உண்டு. டீசல் குழாயின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. கிளம்பும்போதே அதைக் காலால் மூடிவிட்டால், குழாயில் மிச்சமிருக்கிற டீசலில் கொஞ்ச தூரம் ஓடும். பிறகு இருமும். பிறகு நின்றுவிடும். டீசல் வற்றிக் குழாயில் காற்று ஏறிவிட்டால் ஸ்பேனர் வைத்துத் திறந்து காற்றை வெளியேற்றினால்தான் மறுபடி ஓடும். ஸ்பேனரை முந்தின நாளே வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். முன்கூட்டியே மறப்பதுதான் திட்டமிடுவதன் அழகு.

கிளம்புகிற நாள் வந்தது. ஒவ்வொரு வருஷமும் வழியனுப்ப ஒரு வள்ளம் நிறைய ஜனம் வரும். அழுகை, ஜபம், அறிவுரை எல்லாம் வரும். இந்தத் தடவை ஒருத்தரையும் காணோம்.

"யாரும் வரலையா?"

"நான்தான் வேண்டாம்னேன். எதுக்கு எல்லாருக்கும் சிரமம்?"

கர்த்தர் என் பக்கம் இருக்கிறார் என்று நினைத்தேன். "கார் வருதா?" என்றேன்.

"துறையில நிக்கச் சொல்லியிருக்கேன்."

பெட்டியை ஏற்றினேன். ஒரு பையும் வந்தது. வழக்கத்தைவிடப் பெரிய பை. மோளி நடுவில் போட்ட பலகையில் உட்கார்ந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். விமானத்துக்கு எப்போதும் சுடிதார்தான் போடுவாள். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது என் புத்தி முழுக்க என் கால் பெருவிரலில் இருந்தது. பெருவிரல் திருகின் மேல் இருந்தது.

கரை பின்னால் போயிற்று. காயலின் நடுவுக்கு வந்தோம். மோளிக்குட்டி இருமினாள். வள்ளத்தைச் சொல்கிறேன். இரண்டு தடவை இருமினாள். நின்றாள்.

எஞ்சின் நின்ற பிறகும் வள்ளம் தன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது. முன்னால் தண்ணீர் கிழிகிற சத்தம் மட்டும். அந்தச் சத்தம் குறைந்து குறைந்து, ஓர் இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. எங்களைச் சுற்றித் தண்ணீர். தூரத்தில் ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று எங்களை முந்திக்கொண்டு போயிற்று.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நன்றாகவே அடித்துக்கொண்டேன். "ஐயோ! போச்சே! இந்த நேரம் பார்த்தா நிக்கணும்? காத்து ஏறிடுச்சு போலிருக்கே! ஸ்பேனரைக் கொண்டா... ஐயோ, ஸ்பேனர் வீட்டுல!"

"அப்படியா?" என்றாள் மோளி.

"பிளேன் போயிடுமே!"

"போயிடும்."

"உனக்குப் பதட்டமா இல்லையா?"

"பதட்டப்பட்டா எஞ்சின் ஓடுமா?" குடையை விரித்தாள். செருப்பைக் கழற்றினாள். விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டாள். "நீங்களும் வந்து உக்காருங்க அச்சாயா. மூச்சு வாங்குது பாருங்க."

உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் வள்ளம் சாயும். சாய்ந்தது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்பதால் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன்.

பையைத் திறந்தாள். வாழையிலையில் கட்டின பொதிச்சோறு. இரண்டு. கரிமீன் வறுவல். தேங்காய்ச் சம்மந்தி, அதாவது துவையல். ஒரு பாட்டிலில் மோர்.

"பிளேன்ல சோறு குடுப்பாங்களே, இது எதுக்கு?"

"வழியில பசிக்குமேன்னு."

"ரெண்டு பொதியா?"

"பேசாம சாப்பிடுங்க."

சாப்பிட்டோம். அவள் மீன் முள்ளை எடுத்துவிட்டு என் இலையில் வைத்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. யாராவது ஒருத்தர் எப்போதும் இருப்பார்கள். யாரும் இல்லாவிட்டால் அவள் இருக்கமாட்டாள்.

"அங்க என் ரூமுக்கு ஒரு ஜன்னல் இருக்கு" என்றாள் திடீரென்று. "திறந்தா எதிர்க் கட்டடத்தோட சுவர்தான். நீங்க போன் பண்ணுறப்போ, நீங்க பேசுறதுக்குப் பின்னாடி தண்ணிச் சத்தம் கேக்கும். ஏதாவது வள்ளம் போகும். யாரோ யாரையோ கூப்பிடுவாங்க. நான் அதைத்தான் கேட்டுட்டு இருப்பேன்."

"அப்போ நான் பேசுறதைக் கேக்க மாட்டியா?"

"நீங்க என்ன பேசுறீங்க? 'ஆச்சு', 'மீன்'. அதுக்கு என்ன கேக்கணும்?" சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்க வெச்சதும் எல்லாம் நின்னுடும். தண்ணி, வள்ளம், எல்லாம். அப்புறம் அந்தச் சுவர்தான்."

தலையைக் குனிந்து இலையில் முள் தேடினேன். ஒன்றும் இல்லை. அவள்தான் எல்லா முள்ளையும் எடுத்துவிட்டாளே.

"அவ்வளவு இருந்தா ஏன்டி போற?"

"ஒவ்வொரு தடவையும் போறேனே, 'போகாதே'ன்னு ஒரு தடவையாச்சும் வாயைத் திறந்து சொல்லியிருக்கீங்களா?"

"ஏன், பாஸ்போர்ட்டை ஒளிச்சு வெச்சேனே!"

"அது பாஸ்போர்ட்டுக்குச் சொன்னது. எனக்கு என்ன சொன்னீங்க?"

இத்தனை வருஷமும் பெட்டியோடும் சாவியோடும் அரிசி டின்னோடும்தான் நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். தண்ணீரைப் பார்த்தேன். அவள் கால் தெரிந்தது. வார்டில் நின்று நின்று நரம்பு சுருண்டு கிடந்த கால்.

"போகாதே மோளி" என்றேன்.

சத்தமாகத்தான் வந்துவிட்டது. ஒரு நீர்க்காகம் முங்கிவிட்டது.

அவள் இலையை மடித்தாள். மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள். சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் என்றாள். குடைக்குள் வெயில் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் ரொம்ப நேரம் பேசினோம். என்ன பேசினோம் என்பது உங்களுக்கு வேண்டாம். மகளைப் பற்றி, செத்துப்போன எங்கள் நாயைப் பற்றி, நான் சுற்று வழியில் வள்ளம் ஓட்டுவதைப் பற்றி. எல்லா மீனுக்கும் பேர் சொன்னேன்.

வெயில் சாய ஆரம்பித்தபோது தலைக்கு மேலே சத்தம் கேட்டது. விமானம். என்னால் அடக்க முடியவில்லை. வெற்றியை மறைத்து வைக்க எனக்குப் பழக்கம் இல்லை. அதற்கான சந்தர்ப்பமே வந்ததில்லை.

"அதோ பாரு! உன் பிளேன்! உன்னை விட்டுட்டுப் போகுது!"

மோளி அண்ணாந்து பார்த்தாள். கையை ஆட்டி, "டாட்டா" என்றாள்.

"வருத்தமா இருக்கா?"

"எதுக்கு? நாளைக்கு இதே நேரத்துக்கு நானும் அதுல இருப்பேன்."

"நாளைக்கா?"

"என் டிக்கெட் நாளைக்குத்தான் அச்சாயா."

வள்ளம் ஆடவில்லை. நான்தான் ஆடினேன்.

"இன்னைக்குன்னுதானே சொன்ன?"

"கிளம்புற நாள்னா உங்களுக்கு ஏதாவது வரும். நெஞ்சு வலி, சாவி, என்னமாச்சும். அதனால உங்களுக்கு மட்டும் ஒரு நாள் முன்னாடி சொன்னேன். ஊருக்கெல்லாம் சரியான தேதிதான் தெரியும்."

"துறையில கார்?"

"எந்தக் கார்?"

என் கௌரவத்தில் ஒரு துண்டுதான் மிச்சமிருந்தது. அதை எடுத்து நீட்டினேன். "சரி. தேதியை மாத்திச் சொன்ன. ஆனா எஞ்சின் நிக்கும்னு உனக்குத் தெரியாதுல்ல? அது என் மூளைதானே?"

"பைலி சாருக்கு அந்த யோசனையை யாரு சொல்லிக் குடுத்ததுன்னு நினைக்கிறீங்க? பிரஷர் பார்க்கப் போறப்போ நான்தான் சொன்னேன். பாவம், அவருக்குப் பொய் சொல்லவே வரல. உங்க முகத்தைப் பார்க்காம வாத்தைப் பார்த்துக்கிட்டு சொல்லுங்க சார்னேன்."

"ஏன்டி இப்படி?"

"ஒரு நாள் வெறுமனே இருக்கணும்னு ஆசை. உங்ககூட. நடுத் தண்ணியில. யாரும் வரமுடியாத இடத்துல. நான் கூப்பிட்டா 'இன்னைக்கு செங்கல் லோடு இருக்கு'ம்பீங்க. உங்களுக்கா தோணினாத்தான் லோடை விட்டுட்டு வருவீங்க." தண்ணீரில் காலை ஆட்டினாள். "இன்னொண்ணும் சொல்லணும். இந்த வருஷத்தோட வேலை போதும்னு எழுதிக் குடுத்துட்டேன். லீவுக்கு வர்றதுக்கு முன்னாடியே."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வள்ளத்தில் அப்படி நிற்கக்கூடாது. அவள் என் லுங்கியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"அப்போ நாளைக்குப் போகாதே! எழுதிக் குடுத்தாச்சுல்ல? இப்பவே நின்னுடு!"

"நீங்க நிறைஞ்ச லோடோட வந்து துறையில அப்படியே முட்டி நிப்பீங்களா? புதுசா வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு வார்டைப் பழக்கிக் குடுக்கணும். ராத்திரி டியூட்டிக்கு ஆள் பார்க்கணும். என்னைக் கேட்டு அழற கிழவிங்க நாலு பேர் இருக்காங்க. எஞ்சினை நிறுத்திட்டேன் அச்சாயா. கரைக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மழை ஓயுறப்போ வந்துடுவேன்."

மழை ஓய்வதற்கு முதலில் மழை வரவேண்டும். இது இன்னும் வெயில் காலம். அந்தத் தூரத்தைப் பார்த்தேன். நீளமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோடியில் கரை தெரிந்தது. இதுவரை தெரிந்ததே இல்லை.

"சரி, இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போவோம். எஞ்சினைப் போடுங்க" என்றாள்.

நான் போய்த் திருகைத் திறந்தேன். கைப்பிடியைச் சுற்றினேன். இருமக்கூட இல்லை. மறுபடி சுற்றினேன். சட்டை நனைந்தது.

"என்ன?"

"காத்து ஏறிடுச்சு."

"ஆமா, காலையிலயே சொன்னீங்களே. அதை எடுங்க."

"ஸ்பேனர் வேணும்."

"எங்க ஸ்பேனர்?"

"வீட்டுல."

"நிஜமாவேவா?"

"நிஜமாவே."

இதுதான் அவள் திட்டத்தில் இல்லாத ஒரே இடம். நானும் ஒன்றில் அவளை ஏமாற்றிவிட்டேன் என்று ஒரு நிமிஷம் பெருமைப்பட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து அப்படிச் சிரித்தாள். நீர்க்காகம் மறுபடி முங்கியது. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வள்ளத்தின் பக்கவாட்டில் கட்டியிருந்த மூங்கில் கழியை அவிழ்த்தாள். இந்தக் காயலில் பிறந்தவள். எங்கே ஆழம், எங்கே கழி தரை தட்டும் என்று என்னைவிட நன்றாகத் தெரியும்.

"குடுடி, நான் ஊன்றேன்."

"நீங்க உக்காருங்க. ஏற்கெனவே நாடி வேகமா இருக்கு. இந்தக் குடையைப் பிடிங்க. பெட்டி நனையாமப் பார்த்துக்குங்க."

உட்கார்ந்தேன். ஒரு கையில் குடை. மறு கை பெட்டியின் மேல். அவள் முன்னால் நின்று ஊன்றி ஊன்றித் தள்ளினாள். வெயில் சாய்ந்து தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மெதுவாகத்தான் போனோம். இன்னும் மெதுவாகப் போனால் தேவலை என்றிருந்தது.

எங்கள் கரையை நெருங்கும்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த திரேசியாச் சேடத்தி கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்தாள். கழி ஊன்றுகிற மோளியைப் பார்த்தாள். பெட்டியும் குடையுமாக உட்கார்ந்து வருகிற என்னைப் பார்த்தாள். கரை பூராவும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏ மோளீ! வக்கச்சன் எந்த நாட்டுல இருந்து வர்றான்?"

மோளி கழியை ஊன்றி நிறுத்திவிட்டுத் திரும்பிச் சொன்னாள்:

"லீவுல வந்திருக்காரு சேடத்தி. ஒரே ஒரு நாள். நாளைக்குத் திரும்பப் போயிடுவாரு."